கரிசல் கல்லூரிகளில் ஆங்கிலமும் படைப்பெழுத்தும்

தமிழ்நாட்டின் கலை, அறிவியல் கல்லூரிகளில் இளநிலைப் பட்டப்படிப்பு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு நடத்தப்படுகிறது. முதற்பகுதியில் தமிழும், இரண்டாம் பகுதியில் ஆங்கிலமும், மூன்றாம் பகுதியில் மாணவர் விரும்பிச் சேர்ந்த முதன்மைப் பாடமும் இடம்பெறுகின்றன. 1966இல் தொடங்கப்பட்ட கோவில்பட்டி ஜி.வெங்கடசாமி நாயுடு கல்லூரி உட்பட, திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துடன் இணைந்த கரிசல் வட்டாரக் கல்லூரிகளுக்கும் இந்த அமைப்பே பொருந்தும். முதற்பகுதியில் கவிதை, சிறுகதை எழுதும் பயிற்சி சிறு அளவில் சேர்க்கப்படுவதுண்டு. இரண்டாம் பகுதி ஆங்கிலத்தில் எழுதவும் பேசவும் மாணவரை ஆயத்தப்படுத்துவதாகச் சொல்லிக்கொள்கிறது. சொந்தமாக எழுதத் தெரிந்த மாணவரை உருவாக்குவதே இரண்டின் இலக்கு என்றாலும், இவை வெவ்வேறு துறைகளின் பொறுப்பில் ஒன்றையொன்று அறியாமல் நடப்பதால் இரண்டுமே பலனிழக்கின்றன.

இரண்டாம் மொழி என்பது என்ன?

வீட்டில் பேசப்படாவிட்டாலும் கல்வி, நிர்வாகம், வேலைவாய்ப்பு ஆகியவற்றுக்கு ஒரு சமூகத்தில் தேவைப்படும் மொழியை இரண்டாம் மொழி என்றும், வகுப்பறைக்கு வெளியே பயன்பாடே இல்லாத மொழியை அயல்மொழி என்றும் மொழிக் கல்வியாளர்கள் பிரிப்பார்கள். இந்தியாவில் ஆங்கிலம் பொதுவாக முதல் வகையில் சேர்க்கப்படுகிறது. ஆனால் விளாத்திகுளம், எட்டயபுரம், கயத்தாறு பக்கத்து மானாவாரிக் கிராமங்களில் தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்து, குடும்பத்தின் முதல் பட்டதாரியாகக் கல்லூரிக்கு வரும் மாணவருக்கு அது ஏட்டளவில் இரண்டாம் மொழியாகவும் வாழ்க்கையில் ஏறக்குறைய அயல்மொழியாகவுமே இருக்கிறது. முதன்மைப் பாடமும் ஆங்கில வழியில் அமைந்துவிட்டால், மொழியைக் கற்கும் சுமையும் அந்த மொழியால் பாடத்தைக் கற்கும் சுமையும் ஒரே பருவத்தில் அவர் தலையில் இறங்குகின்றன.

ஆங்கிலம் கற்பிக்கும் முறை பற்றிய சிந்தனையில் தென்னிந்தியாவுக்குத் தனி இடம் உண்டு. 1950களின் இறுதியில் சென்னை மாநிலத்தில் பள்ளி ஆசிரியர்களுக்குப் பெரிய அளவில் அளிக்கப்பட்ட பயிற்சி, வாக்கிய அமைப்புகளை எளிதிலிருந்து கடினத்துக்கு வரிசைப்படுத்தி, திரும்பத் திரும்பச் சொல்லவைத்துப் பதியவைக்கும் அமைப்பு முறையைப் பரப்பியது. அந்த முறையில் தேறியவர்கள்கூடச் சொந்தமாக ஒரு வாக்கியம் அமைக்கத் தடுமாறுவதைக் கண்ட என்.எஸ்.பிரபு, 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகள் சிலவற்றில் வேறொரு வழியைச் சோதித்தார். பெங்களூர்த் திட்டம் என உலகெங்கும் அறியப்பட்ட அந்த முயற்சியில், இலக்கணப் பாடத்துக்குப் பதிலாக, வரைபடம் பார்த்து வழி சொல்லுதல், கால அட்டவணையைப் படித்து முடிவெடுத்தல் போன்ற செயல்கள் வகுப்பில் தரப்பட்டன. கவனம் பொருளின் மீது இருக்கும்போதே மொழியின் வடிவம் மனத்தில் படியும் என்பது அதன் அடிப்படைக் கருத்து. கனடாவின் பிரெஞ்சு வழிப் பள்ளிகளை ஆராய்ந்த மெரில் ஸ்வெய்ன் 1985இல் இதற்கு ஒரு துணைக் கருத்தை முன்வைத்தார்: கேட்டும் படித்தும் புரிந்துகொள்வது மட்டும் போதாது, தாமே பேசவும் எழுதவும் முயலும்போதுதான் தமக்கு எது தெரியவில்லை என்பது கற்பவருக்குப் புலப்படுகிறது. படைப்பெழுத்து மொழிக் கல்விக்குள் நுழையும் வாசல் இதுதான்.

எழுதக் கற்பிக்க முடியுமா?

படைப்பெழுத்தைப் பல்கலைக்கழகப் படிப்பாக நிலைநிறுத்தியதில் 1936இல் தொடங்கிய அமெரிக்காவின் அயோவா எழுத்தாளர் பட்டறையும், 1970இல் தொடங்கிய இங்கிலாந்தின் ஈஸ்ட் ஆங்கிலியா பல்கலைக்கழக முதுநிலைப் படிப்பும் முன்னோடிகள். பட்டறை என்பது, ஒரு மாணவர் எழுதிய வரைவை மற்ற மாணவர்கள் முன்கூட்டியே படித்துவந்து, ஆசிரியர் முன்னிலையில் அதன் நிறைகுறைகளை விவாதித்து, எழுதியவர் அதைத் திருத்தி எழுதும் முறையாகும். அயோவாவில் உலக எழுத்தாளர்களுக்கென நடக்கும் திட்டமொன்றில் பங்கேற்ற அசோகமித்திரன், அந்த அனுபவத்தை 'ஒற்றன்' நாவலாக்கினார். இந்தியாவில் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஆங்கிலப் படைப்பெழுத்தில் பட்டயப் படிப்பை நடத்தி வருகிறது.

தமிழிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. அதில் கரிசல்காரர் ஒருவருக்குப் பங்கும் உண்டு. மலாயாவின் 'தமிழ் நேசன்' நாளிதழ் 1950களின் தொடக்கத்தில் சுப.நாராயணனும் பைரோஜி நாராயணனும் நடத்திய 'கதை வகுப்பு' வழியாக வாசகர்களுக்குச் சிறுகதை எழுதப் பயிற்சி தந்தது. பின்னர் அதே இதழில் பணியாற்றிய கு.அழகிரிசாமி, இலக்கிய வட்டம் அமைத்து அந்நாட்டு இளம் எழுத்தாளர்களை நெறிப்படுத்தினார். அழகிரிசாமியும் கி.ராஜநாராயணனும் பிறந்தது கோவில்பட்டிக்கு அருகிலுள்ள இடைசெவல் என்னும் ஒரே ஊரில்.

பள்ளிப் படிப்பையே முடிக்காத கி.ரா., 1982இல் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியைத் தொகுத்து வெளியிட்டதும், பின்னர் புதுவைப் பல்கலைக்கழகம் அவரை வருகைதரு பேராசிரியராக அழைத்து நாட்டார் கதைகளைத் தொகுக்கச் செய்ததும், கல்லூரிக்கு வெளியே விளைந்த அறிவைக் கல்லூரி ஏற்றுக்கொண்ட அரிய நிகழ்வுகள். பூமணி, சோ.தர்மன், தேவதச்சன், ச.தமிழ்ச்செல்வன், கோணங்கி, உதயசங்கர் என நீளும் கோவில்பட்டி வட்டாரத்து வரிசையும் பாடத்திட்டத்தால் உருவானதன்று. 1970களில் இவ்வூரிலிருந்து வெளிவந்த 'நீலக்குயில்' போன்ற சிற்றிதழ்களும், ஒருவர் எழுதியதை மற்றவர் படித்துத் தயவு தாட்சண்யமின்றிக் கருத்துச் சொன்ன நட்புக் கூட்டங்களும் சேர்ந்து, பட்டறை என்ற பெயர் இல்லாமலே அதன் வேலையைச் செய்தன.

தேர்வு எங்கே குறுக்கிடுகிறது?

கல்லூரிக்குள் இந்தச் சூழல் உருவாகாததற்குத் தேர்வு முறை முதன்மையான காரணம். ஒரு தாளின் மதிப்பெண்களில் பொதுவாக 75 பருவத் தேர்வுக்கும் 25 அகமதிப்பீட்டுக்கும் ஒதுக்கப்படுகின்றன. பருவத் தேர்வின் வினாக்கள் பாடநூலிலுள்ள கட்டுரையின் சாரத்தையும் கவிதையின் மையக்கருத்தையும் கேட்பதால், அவற்றுக்குரிய விடைகளை நோட்ஸிலிருந்து மனப்பாடம் செய்யும் மாணவர் ஆங்கிலத்தில் ஒரு பத்தியைக்கூடச் சொந்தமாக எழுதாமலே தேறிவிட முடிகிறது. பல துறை மாணவர்களை ஒன்றாக அமரவைக்கும் பெரிய வகுப்புகளில் ஒவ்வொருவர் வரைவையும் திருத்திக் கொடுப்பது ஆசிரியருக்கும் எளிதன்று.

ஆயினும் வழி அடைபட்டுவிடவில்லை. பெருமாள்முருகன் தம் மாணவர்களையும் நண்பர்களையும் சாதி பற்றிய சொந்த அனுபவங்களை எழுதச் செய்து தொகுத்த 'சாதியும் நானும்', பின்னர் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. தெரிந்த வாழ்க்கையை எழுதச் சொன்னால் மாணவர் எழுதுவார் என்பதற்கு அது சான்று. கரிசலில் இதற்கான மூலப்பொருள் ஏராளம்: பருத்திக்காடு, தீப்பெட்டி ஆபீஸ் வேலை, மழை தப்பிய வருடம், பாட்டி சொன்ன பேய்க்கதை. இவற்றில் ஒன்றை மாணவர் முதலில் தம் பேச்சுத் தமிழில் எழுதி, சிறு குழுவில் விவாதித்து, அதையே எளிய ஆங்கிலத்தில் மீண்டும் சொல்ல முயன்றால், என்ன சொல்வது என்ற தவிப்பு நீங்கி, எப்படிச் சொல்வது என்பதில் மட்டும் கவனம் குவியும். ஒப்பிட்டுப் பார்க்க நூல்களும் கைவசம் உள்ளன: பூமணியின் 'வெக்கை', சோ.தர்மனின் 'கூகை', கி.ரா. தொகுத்த நாட்டார் கதைகளில் ஒரு பகுதி ஆகியவை ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கின்றன. தமக்குப் பழகிய மண் ஆங்கிலத்தில் எவ்வாறு எழுதப்பட்டுள்ளது என்று மூலத்தோடு வைத்துப் பார்ப்பது, இலக்கண விதிகளைத் தனியே படிப்பதைவிட ஆழமான பயிற்சி.

ஆங்கில வகுப்பில் தமிழுக்கு இடம் தருவது நேர விரயம் என்ற எதிர்வாதம் எழக்கூடும். சொல்லப்போகும் பொருளைத் தாய்மொழியில் தெளிவுபடுத்திக்கொண்டவர் இரண்டாம் மொழியில் தடுமாறுவது குறைவு என்பதால், அங்கே செலவிடும் நேரம் திரும்பக் கிடைத்துவிடும். படைப்பை மதிப்பிட அளவுகோல் இல்லை என்ற மற்றொரு வாதத்துக்கு, கதையின் அழகுக்கு மதிப்பெண் தர வேண்டியதில்லை, முதல் வரைவுக்கும் மூன்றாம் வரைவுக்கும் இடையிலான முன்னேற்றத்துக்குத் தந்தாலே போதும் என்பது விடையாகும்.

பாடத்திட்டம் மாறப் பல்கலைக்கழகக் குழுக்கள் கூடி முடிவெடுக்க வேண்டும். அதற்குக் காலம் பிடிக்கும். அகமதிப்பீட்டின் 25 மதிப்பெண்களில் ஒப்படைப்புக்கு உரிய பங்கோ ஏற்கெனவே வகுப்பாசிரியரின் கையில் இருக்கிறது. தமிழ்த் துறையும் ஆங்கிலத் துறையும் ஒரே ஒப்படைப்பை இரு மொழிகளிலும் கேட்கத் தீர்மானித்தால், புதிய அரசாணையோ கூடுதல் நிதியோ இல்லாமல் அடுத்த பருவத்திலேயே இதைத் தொடங்கலாம்.