விவிலிய விளக்கத்துக்கு யார் பொறுப்பு?

விவிலியத்தை விளக்கித் தரும் குரல்களுக்கு இன்று பஞ்சமே இல்லை. யூடியூபைத் திறந்தால் மணிக்கணக்கில் பிரசங்கம். வாட்ஸ்அப்பில் நாள்தோறும் வந்து விழும் வசன விளக்கம். புத்தகக் கடையில் மலிவு விலைக் கையேடுகள். ஞாயிறு திருப்பலியில் கேட்ட வாசகத்தை வீட்டில் நிதானமாகப் படித்துப் புரிந்துகொள்ள விரும்பும் ஒரு கத்தோலிக்கர் இவற்றில் எதை நம்புவார்? பேசுபவரின் நாவன்மை, பார்த்தவர்களின் எண்ணிக்கை, அட்டையில் அச்சிட்ட சிலுவை ஆகியவற்றை வைத்துத்தான் பலரும் முடிவெடுக்கிறார்கள். இவை எதுவும் சான்று ஆகா. எழுதியவர் யார், அதைப் படித்துச் சரிபார்த்தவர் யார், பிழை தென்பட்டால் யாரிடம் போய்க் கேட்கலாம் ஆகிய கேள்விகளுக்கு விடை வைத்திருக்கும் நூலையே நம்பத் தொடங்கலாம் என்பது என் கருத்து.

முதலில் கையில் இருக்கும் விவிலியத்தையே பார்க்க வேண்டும். கத்தோலிக்க விவிலியத்தில் 73 நூல்கள். சீர்திருத்த சபைகளின் விவிலியத்தில் 66. தோபித்து, யூதித்து, சாலமோனின் ஞானம், சீராக்கின் ஞானம், பாரூக்கு, மக்கபேயர் முதல் நூல், இரண்டாம் நூல் ஆகிய ஏழும், எஸ்தர், தானியேல் நூல்களின் சில பகுதிகளும் பின்னதில் இல்லை. இலவசமாகக் கிடைக்கும் தமிழ்ச் செயலிகள் பலவற்றில் இருப்பது 66 நூல்கள் கொண்ட பழைய மொழிபெயர்ப்புதான். அதை வைத்துப் படிக்கும் கத்தோலிக்கர், அடக்கத் திருப்பலியில் வாசிக்கப்படும் சாலமோனின் ஞானம் 3ஆம் அதிகாரத்தைத் தேடினால் கிடைக்காது. இறந்தோருக்காக மன்றாடுவதற்கு வேர் எங்கே என்று கேட்பவருக்குக் காட்ட 2 மக்கபேயர் 12ஆம் அதிகாரமும் இருக்காது. இந்த நூல்களைத் திரிதெந்து பொதுச்சங்கம் 1546இல் புதிதாகச் சேர்த்தது என்று சொல்லும் காணொளிகள் உண்டு. 397இல் கூடிய கார்த்தேஜ் சங்கத்தின் பட்டியலிலேயே அவை இருக்கின்றன; திரிதெந்து செய்தது உறுதிப்படுத்தல்.

அடுத்து, நூலின் தொடக்கப் பக்கங்கள். நாம் பெரும்பாலும் புரட்டிவிட்டுப் போகும் அந்தப் பக்கத்தில் ‘நிகில் ஒப்ஸ்தாத்’, ‘இம்ப்ரிமாத்தூர்’ என்ற இலத்தீன் சொற்களோ, ஆயரின் அச்சிடும் அனுமதி என்ற குறிப்போ இருக்கும். ஆய்வாளர் ஒருவர் படித்துப் பார்த்துத் தடையில்லை என்றார், ஆயர் அனுமதி தந்தார் என்பது பொருள். 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் இதைத் தெளிவாக வகுத்திருக்கிறது. விவிலியப் பதிப்புக்குத் திருத்தந்தையின் ஆட்சிப்பீடமோ ஆயர் பேரவையோ ஒப்புதல் தர வேண்டும் என்கிறது 825ஆம் பிரிவு. பிற விளக்க நூல்கள் எல்லாவற்றுக்கும் இது கட்டாயம் இல்லை. ஆயரின் பார்வைக்கு அனுப்புவது நல்லது என்று 827ஆம் பிரிவு பரிந்துரைக்கிறது. ஆகவே அனுமதி இல்லாத நூலெல்லாம் தவறான நூல் என்று சொல்லிவிட முடியாது. பலருக்குத் தெரியாத செய்தி 829ஆம் பிரிவில் இருக்கிறது: மூல நூலுக்குத் தந்த அனுமதி அதன் புதிய பதிப்புக்கோ மொழிபெயர்ப்புக்கோ செல்லாது. ஆங்கில நூல் ஒன்றுக்கு எங்கோ ஓர் ஆயர் தந்த அனுமதியைத் தமிழாக்கத்தின் அட்டையில் போட்டு விற்றால், தமிழ் வாசகருக்கு அதனால் எந்த உறுதியும் இல்லை.

இது தணிக்கைதானே, சிந்தனைக்குப் பூட்டுதானே என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. ஆனால் 830ஆம் பிரிவைப் படித்தால் வேறொன்று தெரிகிறது. ஆய்வாளர் தம் கருத்தை எழுத்தில் தர வேண்டும். அனுமதிக்கும் ஆயர் தம் பெயரையும், இடத்தையும், காலத்தையும் குறிப்பிட வேண்டும். மறுத்தால் அதற்கான காரணத்தை ஆசிரியரிடம் சொல்ல வேண்டும். பெயரே போடாமல் ஆயிரக்கணக்கானோருக்குப் பரவும் ஒரு விளக்கத்தைவிட இது எவ்வளவோ வெளிப்படையானது. அதேவேளை, இந்த முத்திரைக்கு எல்லை உண்டு. நம்பிக்கைக்கும் ஒழுக்கத்துக்கும் முரணானது இதில் இல்லை என்பதோடு அது நின்றுவிடுகிறது. ஆசிரியரின் ஒவ்வொரு கருத்தையும் ஆயர் ஏற்றார் என்றோ, நூல் ஆழமானது என்றோ அது சொல்வதில்லை. மந்தமான நூலுக்கும் அனுமதி கிடைக்கும்.

அதனால்தான் விளக்கும் முறையையும் பார்க்க வேண்டியிருக்கிறது. திருவெளிப்பாடு நூலைத் திறந்து, கையில் இருக்கும் விளக்கவுரை அதை எப்படிக் கையாள்கிறது என்று பாருங்கள். தராதரம் அங்கே தெரிந்துவிடும். அந்த நூல் எபேசு, சிமிர்னா, பெர்காம், தியத்திரா, சர்தை, பிலதெல்பியா, இலவோதிக்கேயா ஆகிய ஏழு நகரங்களின் சபைகளுக்கு எழுதப்பட்டது. இவை இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியில் இருந்த ஊர்கள். உரோமைப் பேரரசின் கெடுபிடிக்குள் வாழ்ந்த சிறு கூட்டங்களுக்கு, உருவகங்கள் வழியே உறுதியூட்டும் எழுத்து அது. 17ஆம் அதிகாரத்தில் வரும் ஏழு மலைகள், அன்றைய வாசகருக்கு உரோமை நகரைத்தான் நினைவூட்டியிருக்கும். 666 என்ற எண்ணுக்கும் அறிஞர் பலர் ஏற்கும் விளக்கம் உண்டு: ‘நேரோன் சீசர்’ என்ற பெயரை எபிரேய எழுத்தில் எழுதி, எழுத்துகளின் எண் மதிப்பைக் கூட்டினால் 666 வரும். ‘நேரோன்’ என்பதன் இறுதி எழுத்தை விட்டுவிட்டால் 616. சில பழங்கால ஏடுகளில் 616 என்றே இருப்பது இந்த விளக்கத்துக்கு வலுச் சேர்க்கிறது. இவை எதையும் சொல்லாமல் அந்த எண்ணைப் பார்கோடுக்கும் தடுப்பூசிக்கும் பொருத்திக் காட்டும் விளக்கவுரை, முதல் வாசகர்களை மறந்துவிட்டுத் தன் அச்சத்தை விவிலியத்தின் மேல் ஏற்றுகிறது. எழுதியவரின் நோக்கத்தையும் இலக்கிய வகையையும் ஆராய வேண்டும் என்று திருத்தந்தை 12ஆம் பயஸ் 1943இலேயே கேட்டுக்கொண்டார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட இறைவெளிப்பாடு பற்றிய ஏட்டின் 12ஆம் பத்தி அதையே சொல்லி, முழு விவிலியத்தின் ஒருமையையும் திருச்சபையின் மரபையும் சேர்த்தே படிக்கச் சொல்கிறது.

இப்படிப் படித்தால் நம்பிக்கை குலைந்துவிடாதா என்று அஞ்சுவோர் இருக்கிறார்கள். மோசேயின் நூல்கள் ஒரே கையால் எழுதப்படவில்லை என்று முன்னுரையில் படித்ததும் திடுக்கிடுவது இயல்பே. ஆனால் அரைகுறையாக ஆறு நாள் படைப்பை அறிவியல் பாடமாகக் கற்ற இளைஞர், கல்லூரிக்குப் போனதும் விவிலியத்தையே மூடி வைத்துவிடும் ஆபத்து இதைவிடப் பெரிது. தூய ஆவி போதும், நூல்கள் எதற்கு என்ற வாதத்துக்கு விவிலியமே விடை தருகிறது. திருத்தூதர் பணிகள் 8ஆம் அதிகாரத்தில் எசாயா நூலைப் படித்துக்கொண்டிருந்த எத்தியோப்பிய அமைச்சர், விளக்க ஆளில்லாமல் எப்படிப் புரியும் என்று பிலிப்பிடம் கேட்கிறார். அந்தப் பிலிப்பை அவரிடம் அனுப்பியதே ஆவியானவர்தான். அப்படியென்றால் பிற சபையினர் எழுதியதை ஒதுக்கிவிட வேண்டுமா? வேண்டாம். 1995இல் வெளிவந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பே கத்தோலிக்கரும் பிற சபை அறிஞர்களும் சேர்ந்து உழைத்த பலன். மொழி, வரலாறு, அகழாய்வு பற்றி அவர்கள் எழுதியதில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. திருச்சபை, அருளடையாளங்கள், மரியா பற்றிய இடங்களில் மட்டும், அவர்கள் தங்கள் சபையின் நிலையிலிருந்து எழுதுகிறார்கள் என்ற நினைவோடு படிக்க வேண்டும்.

செலவு அதிகம் இல்லாமலே தொடங்கலாம். பொது மொழிபெயர்ப்பில் ஒவ்வொரு நூலுக்கும் முன்னால் சூழலையும் நோக்கத்தையும் சொல்லும் முன்னுரை இருக்கிறது. பலரும் படிக்காத அந்த ஒரு பக்கம், பல மணிநேரக் காணொளிகளைவிடப் பயனுள்ளது. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலில் 101 முதல் 141 வரையுள்ள பத்திகள் விவிலியத்தை எப்படி வாசிப்பது என்று கற்றுத் தருகின்றன. ஆங்கிலம் படிப்பவர்களுக்கு ரேமண்ட் பிரவுன், ஜோசப் ஃபிட்ஸ்மயர், ரோலண்ட் மர்ஃபி ஆகியோர் தொகுத்து 1990இல் வந்த புதிய ஜெரோம் விவிலிய விளக்கவுரை இருக்கிறது; கடினமான நூல், சந்தேகம் வரும்போது எடுத்துப் பார்க்க ஏற்றது. அன்பியக் கூட்டத்திலோ குடும்ப வாட்ஸ்அப் குழுவிலோ அடுத்த விளக்கம் வந்து விழும்போது, இதை எழுதியவர் யார், சரிபார்த்தவர் யார் என்று மரியாதையோடு கேளுங்கள். விடை கிடைக்காவிட்டால் அதைப் பிறருக்கு அனுப்பாதீர்கள். பங்குத்தந்தையிடம் காட்டிக் கேளுங்கள்.