பந்து ஸ்டம்பை உரசினாலும் 'நாட் அவுட்' ஏன்? 'அம்பயர்ஸ் கால்' விதி சொல்வது என்ன?

சென்னை சேப்பாக்கத்தில் 2023 அக்டோபர் 27 அன்று நடைபெற்ற உலகக் கோப்பை லீக் ஆட்டத்தில், வெற்றிக்குத் தென்னாப்பிரிக்காவுக்கு 8 ரன்களும் பாகிஸ்தானுக்கு ஒரு விக்கெட்டும் தேவைப்பட்டன. ஹாரிஸ் ரவுஃப் வீசிய பந்து தப்ரைஸ் ஷம்சியின் பேடில் பட்டது. நடுவர் அலெக்ஸ் வார்ஃப் 'நாட் அவுட்' என்றார். பாகிஸ்தான் மேல்முறையீடு செய்தது. பந்து லெக் ஸ்டம்பை உரசும் என்று திரை காட்டியும் முடிவு மாறவில்லை. தென்னாப்பிரிக்கா ஒரு விக்கெட் வித்தியாசத்தில் வென்றது.

பந்து பேடில் படும் வரையிலான பாதையை மட்டுமே கேமராக்கள் பதிவு செய்கின்றன. அதன்பின் திரையில் தெரிவது கணினியின் கணிப்பு. அதில் சிறு பிழைக்கு இடமுண்டு. ஆகவே, பந்தின் பாதியேனும் ஸ்டம்பில் படும் எனக் கணிக்கப்பட்டால்தான் 'நாட் அவுட்' முடிவு திருத்தப்படும். அதற்குக் குறைவாக இருந்தால் கள நடுவரின் முடிவே நிலைக்கும். மேல்முறையீட்டு வாய்ப்பு பறிபோகாது.

வார்ஃப் விரலை உயர்த்தியிருந்தால், அதே பந்தில் பாகிஸ்தான் வென்றிருக்கும். ரசிகர்களின் கோபத்துக்குக் காரணம் இதுவே. ஆனால், அதே ஆட்டத்தில் தென்னாப்பிரிக்காவின் வான் டெர் டுசன் மேல்முறையீடு செய்தும் வெளியேற நேர்ந்தது இதே விதியால்தான்.

இத்தகைய கணிப்பை இந்திய கிரிக்கெட் வாரியமும் நீண்டகாலம் நம்ப மறுத்தது. டிஆர்எஸ் முறை முதன்முதலில் சோதிக்கப்பட்டதே 2008இல் இலங்கையில் இந்தியா ஆடிய டெஸ்ட் தொடரில்தான். எனினும், சொந்த மண்ணில் நடைபெறும் டெஸ்ட் தொடரில் பந்தின் பாதைக் கணிப்புடன் அதனை இந்தியா ஏற்றது 2016 நவம்பரில், இங்கிலாந்துக்கு எதிராக.