காப்பகத்து நாயும் அதன் வைத்தியச் செலவும்

தர்மபுரி ஜில்லாவில் ஆட்டுப்பட்டியும் களமும் வைத்திருக்கும் குடியானவர்களுக்கு நாய் இன்றியமையாத காவற்பிராணி என்பது யாவரும் அறிந்ததே. விலை கொடுத்து நாய் வாங்குவோர் சிலரே. வீதியில் ஆதரவின்றித் திரிந்த குட்டியை எடுத்து வளர்ப்போரும், பிராணிகள் காப்பகத்திலிருந்து பெற்று வருவோரும் உண்டு. சென்னையில் 1959-ஆம் ஆண்டு ஸ்தாபிக்கப்பட்ட புளூ கிராஸ் போன்ற சங்கங்கள் இத்தகைய நாய்களைப் பராமரித்து, வேண்டுவோருக்குக் கொடுத்து வருகின்றன.

இவ்வாறு வரும் நாய் விலையின்றிக் கிடைப்பினும் செலவின்றி வளராது. நோய் கண்ட பின்னர் பணத்துக்கு அலைவதும், செலவுக்கு அஞ்சி வைத்தியத்தை ஒத்திப் போடுவதும், முடிவில் நாயை மறுபடியும் வீதியில் விட்டுவிடுவதும் பலவிடங்களில் நிகழ்வன. அதனால் நாய்க்கு மட்டுமன்றி, வீட்டுக் குழந்தைகளுக்கும் ஆட்டு மந்தைக்கும் கேடு விளையும். எச்செலவு கட்டாயமானது, எதைத் தவிர்க்கலாம், குறைந்த செலவில் வைத்தியம் பெறுவது எங்ஙனம் என்பவை கீழே விவரிக்கப்படுகின்றன.

செலவின் இருவகை

நாயின் வைத்தியச் செலவை இரண்டாகப் பகுக்கலாம். தடுப்பூசி, குடற்புழு மருந்து, உண்ணி ஒழிப்பு, கருத்தடை ஆகியவை முன்கூட்டியே தெரிந்த செலவுகள். விபத்து, பாம்புக்கடி, தொற்றுநோய் ஆகியவை எதிர்பாராதவை. முதல் வகை சிறிது, இரண்டாவது பெரிது. முதல் வகையில் சிக்கனம் செய்வோரே இரண்டாவதில் மிகுதியாக இழக்கின்றனர். உதாரணமாக, பார்வோ என்னும் இரத்தக்கழிச்சல் நோய் கண்ட குட்டிக்குப் பல நாட்கள் இரத்தக்குழாய் வழியே திரவம் ஏற்ற வேண்டும். அங்ஙனம் செய்தும் அநேகம் இறந்துபடும். இதைத் தடுக்கும் ஊசிகளுக்கு ஆகும் செலவோ சிகிச்சைச் செலவில் ஒரு சிறு பங்கே ஆகும். ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, 3 அல்லது 4 வாரங்களுக்கொருமுறை, 16 வாரம் நிறையும் வரை இவ்வூசியைப் போடுதல் முறை.

முதல் இரண்டு வாரங்கள்

காப்பகத்திலிருந்து நாயைப் பெறும்போதே, போட்ட ஊசிகளின் விவரமும் கருத்தடை செய்த விவரமும் அடங்கிய சீட்டைக் கேட்டு வாங்குதல் வேண்டும். சீட்டு இருப்பின் ஒரே செலவை இருமுறை செய்ய நேராது. கருத்தடை செய்யப்பட்ட தெருநாயின் காதில் வெட்டு அடையாளம் இருப்பது வழக்கம். புதிய நாயை இரண்டு வாரம் மற்ற நாய்களுடன் சேர்க்காமல் தனியே கட்டிவைத்துக் கவனிப்பது நலம்.

வெறிநோய்த் தடுப்பு

கையில் பணம் எவ்வளவு குறைவாயினும் தவிர்க்கலாகாத செலவு இதுவே. மனிதருக்கு வரும் வெறிநோயில் ஏறக்குறைய நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு நாய் மூலமே வருகிறது. நோய்க்குறி தோன்றிய பின்னர் பிழைப்பது மிக மிக அபூர்வம். முற்காலத்தில் கடியுண்டவர்கள் சிகிச்சைக்கு வடக்கே கசௌலிக்குச் செல்ல வேண்டியிருந்தது. 1907-ஆம் ஆண்டு குன்னூரில் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்ட பின் தென்னாட்டாரின் அத்துன்பம் குறைந்தது. இப்போது கடியுண்டவருக்கு ஊசி ஸர்க்கார் ஆஸ்பத்திரிகளிலேயே கிடைக்கிறது.

நாய்க்கு மூன்று மாத வயதில் முதல் ஊசியும், பின் வைத்தியர் குறிக்கும் நாளில் மறு ஊசியும், அதன்பின் ஆண்டுதோறும் ஓர் ஊசியும் போடுக. செப்டம்பர் 28-ஆம் தேதி உலக வெறிநோய் தினமாகும். அதையொட்டிக் கால்நடை இலாகாவினர் இலவச முகாம்கள் நடத்துவதுண்டு. அந்நாளைத் தவற விடலாகாது.

நாய் கடித்துவிடின், காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிஷம் கழுவுக. சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காப்பித்தூள் முதலியன வைத்தல் கூடாது. உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்று, சொல்லப்படும் ஊசிகள் அனைத்தையும் முறை தவறாமல் போட்டுக்கொள்க. கடித்தது வளர்ப்பு நாயே என்று வாளாவிருத்தல் ஆபத்து.

குடற்புழுவும் ஆட்டு மந்தையும்

மேச்சேரிச் செம்மறியும் வெள்ளாடும் வளர்ப்போர் இதனைக் கூர்ந்து கவனிப்பாராக. அறுத்த ஆட்டின் தலையை நாய்க்குப் போட்டால், மூளையிலுள்ள நீர்க்கட்டியின் மூலம் நாயின் குடலில் நாடாப்புழு உண்டாகிறது. அதன் முட்டைகள் நாயின் மலத்துடன் மேய்ச்சல் நிலத்தில் விழுகின்றன. அவற்றைப் புல்லோடு தின்ற ஆட்டின் மூளையில் மறுபடியும் நீர்க்கட்டி தோன்றும். அவ்வாடு தலையைச் சாய்த்து ஒரே திசையில் சுழன்று சுழன்று நடந்து, இரையெடாமல் மெலிந்து மடியும். வேறொரு வகை நாடாப்புழு மனிதரின் ஈரலிலும் நுரையீரலிலும் கட்டிகளை உண்டாக்கும்.

ஆகவே பட்டி நாய்க்கு மூன்று மாதத்துக்கொருமுறையேனும் பிராசிகுவாண்டெல் அடங்கிய மாத்திரையை எடைக்கேற்பக் கொடுத்தல் அவசியம். ஆட்டுத்தலை, ஈரல், நுரையீரல் ஆகியவற்றைப் பச்சையாக நாய்க்குப் போடாமல் நன்கு வேகவைக்கவோ, ஆழப் புதைக்கவோ வேண்டும். ஓர் ஆட்டின் விலையோடு ஒப்பிட்டால் இம்மாத்திரையின் விலை அற்பமே.

உண்ணி

நாயுண்ணி இரத்தத்தை உறிஞ்சுவதோடு நில்லாமல், சோகையையும் காய்ச்சலையும் தரும் கிருமிகளையும் செலுத்துகிறது. உண்ணி நாயின் மேல் மட்டுமன்றிச் சுவர் வெடிப்புகளிலும் தங்கி முட்டையிடுவதால், நாய் கட்டுமிடத்தின் வெடிப்புகளைப் பூசி அடைத்தல் வேண்டும். பயிருக்குத் தெளிக்கும் பூச்சிமருந்தை நாயின் மேல் பூசுதல் பெருந்தவறு. நாய் அதை நக்கி விஷமேறி இறக்கும். வைத்தியர் குறிக்கும் மருந்தையே உபயோகிக்க வேண்டும். மனிதருக்குரிய வலி மாத்திரைகளையும் நாய்க்குத் தானே கொடுத்தல் ஆகாது. அவை வயிற்றில் புண்ணும் சிறுநீரகக் கேடும் விளைவிக்கும்.

கருத்தடை

பெட்டை நாய் பெரும்பாலும் ஆண்டுக்கு இருமுறை பருவத்துக்கு வந்து, சுமார் 63 நாள் சுமந்து குட்டிகளை ஈனும். அத்தனை குட்டிகளுக்கும் உணவும் ஊசியும் கொடுக்க இயலாமல் அவை தெருவில் சேருகின்றன. கருத்தடை ஒரேமுறைச் செலவாகும். அது பெட்டை நாய்க்குக் கருப்பையில் சீழ் பிடிக்கும் ஆபத்தையும் நீக்கும். புணர்ச்சியால் பரவும் கட்டிநோயும் தெருநாய்களிடம் காணப்படுகிறது. அதற்கு வாரமொருமுறை பல வாரங்கள் ஊசி போட நேரிடும்.

குறைந்த செலவில் வைத்தியம்

1. முதலில் அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தை நாடுக. நாய்க்குக் கிடைக்கும் சிகிச்சை, கட்டணம், வைத்தியர் இருக்கும் நேரம் ஆகியவற்றை நோயில்லாத காலத்திலேயே விசாரித்து வைத்தல் வேண்டும்.

2. கடினமான நோய்க்கு 1985-ஆம் ஆண்டு தொடங்கிய நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் சிகிச்சைப் பிரிவை அணுகலாம்.

3. ஓர் ஊரிலுள்ள நாய் வளர்ப்போர் ஒன்றுகூடி ஒரே நாளில் ஊசிக்கு ஏற்பாடு செய்வாராயின், வண்டிச்சத்தம் ஒருவர் தலையில் விழாது. பல நாய்களுக்குரிய மருந்துப் புட்டியும் வீணாகாது.

4. அறுவடையில் விதைக்கென எடுத்து வைப்பது போலவே, மாதந்தோறும் ஒரு சிறு தொகையை நாய்க்கென ஒதுக்குக. இரண்டாவது நாய் கொள்ளுமுன் இத்தொகை இரட்டிக்குமா என்று எண்ணிப் பார்க்க.

5. கேழ்வரகுக் களியோடு முட்டை, மீன், வேகவைத்த இறைச்சி இவற்றில் ஏதேனும் சேர்த்துக் கொடுக்க. வெந்த கோழி எலும்பு குடலைக் குத்துமாதலால் விலக்கத்தக்கது.

கிராம அதிகாரிகளுக்கு

பிராணிகள் கருத்தடை விதிகள், 2023-இன்படி தெருநாய்களுக்குக் கருத்தடையும் ஊசியும் செய்விப்பது உள்ளாட்சியின் பொறுப்பு. பிடித்த நாயை அவ்விடத்திலேயே விடுவது பொது விதி. ஆயினும் 2025-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், பள்ளி, ஆஸ்பத்திரி, பஸ் நிலையம் முதலிய இடங்களில் பிடிக்கப்படும் நாய்களைத் திரும்ப அங்கு விடாமல் காப்பகத்தில் வைக்க உத்தரவிட்டது. காப்பகங்களின் பாரம் குறைய நல்ல வீடுகள் தேவை. ஓர் ஊரின் நாய்களில் நூற்றுக்கு 70-க்கு ஊசி போடப்பட்டால் வெறிநோய் பரவுவது நிற்கும் என்பது நிபுணர் கொள்கை. ஆகவே ஊராட்சித் தலைவரும் கிராம நிர்வாக அலுவலரும் வளர்ப்பு நாய்களைக் கணக்கெடுத்து, முகாம் நாளை முன்னதாக அறிவிப்பது நலம்.

நாயை ஏற்பது தர்மம்; அதற்கு ஊசி போடுவது அத்தர்மத்தின் பாகம். ஊசிக்கு வகையில்லாதவர் வகை தேடிக்கொண்ட பின்னரே நாயை ஏற்பது, நாய்க்கும் ஊருக்கும் நன்மையாம்.