சோதனை என்கிற சொல்: கணையப் புற்றுநோயும் திருத்தப்பட்ட செல்களும்

'சோதனை' மதுரைப் பக்கத்தில் பழகிப்போன சொல். இறைவன் அடியவரைச் சோதிப்பான், கடைசியில் ஆட்கொள்வான் என்கிற கதைகளைக் கேட்டு வளர்ந்த ஊர் இது. ஆஸ்பத்திரி வராந்தாவிலும் 'கடவுள் சோதிக்கிறான்'னுதான் பேச்சு. மருத்துவச் சொல்லாடலில் சோதிக்கப்படுவது மனிதனல்ல, மருந்து. முடிவில் அருள் உண்டு என்கிற உத்தரவாதமும் அங்கே கிடையாது. இந்த இரண்டு அர்த்தங்களும் கலந்துபோகிற இடம் ஆபத்தானது என்று நினைக்கிறேன்.

மேலூர்ப் பக்கத்து நண்பர் ஒருவர், கணையப் புற்று முற்றிப்போன தன் அண்ணனுக்காகக் கேட்டார்: "பம்பாயில ரத்தத்துலேர்ந்து செல்லை எடுத்து, திருத்தி, திரும்ப ஏத்துறாங்களாமே? வயலை வித்துட்டுப் போயிரலாமா?"

அவர் கேள்விப்பட்டது பொய்யல்ல. மும்பை ஐஐடியும் டாடா நினைவு மருத்துவமனையும் உருவாக்கிய 'நெக்ஸ்கார்19' 2023 அக்டோபரில் அனுமதி பெற்றது. நோயாளியின் டி-செல்களைப் பிரித்தெடுத்து, அவற்றுக்குள் புதிய மரபணு ஒன்றைச் செலுத்துகிறார்கள். அதன்பின் அந்தச் செல்கள் சிடி19 என்கிற அடையாளத்தைத் தேடிப் பிடித்து அழிக்கின்றன. ஆனால் அனுமதி சிலவகை ரத்தப் புற்றுகளுக்கு மட்டுமே. ஏன் அப்படி?

சிடி19 நல்ல பி-செல்களிலும் இருக்கிறது. அவையும் சேர்ந்து அழிகின்றன. பி-செல் இல்லாமலும் மனிதன் பிழைத்திருக்க முடியும் என்பதால் அந்த இழப்பைத் தாங்கலாம். கணையப் புற்றில் குறிவைக்கப்படும் மீசோதெலின், நுரையீரலையும் வயிற்றையும் இதயத்தையும் போர்த்தியிருக்கும் சவ்விலும் உண்டு. நோயெதிர்ப்பு பற்றிய பேச்சு எப்போதும் 'தான்/மற்றமை', 'நாம்/எதிரி' என்ற எதிர்வுகளில்தான் நடக்கிறது. புற்றோ நம் உடம்பே. எதிரியின் அடையாளம் என்று நாம் எழுதிக்கொடுப்பது நம் முகத்திலும் இருக்கிறது. 2010இல் வெளியான அமெரிக்க அனுபவம் ஒன்று: ஹெர்2 அடையாளத்தைத் தேடும் செல்களைக் குடல் புற்று நோயாளி ஒருவருக்கு ஏற்றினார்கள். நுரையீரல் செல்களிலும் அந்த அடையாளம் கொஞ்சம் இருந்தது போலும். கால்மணி நேரத்தில் மூச்சுத் திணறல், ஐந்தாம் நாள் மரணம்.

இதனால்தான் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார் மீசோதெலினைத் தேடும் சக்தி சில நாட்களிலேயே மங்கிவிடுகிற மாதிரி செல்களைத் தயாரித்தார்கள். முற்றிய கணையப் புற்றுள்ள ஆறு பேருக்குக் கொடுத்தார்கள். 2018இல் வந்த முடிவின்படி பெரிய ஆபத்து நேரவில்லை. இரண்டு பேருக்கு நோய் கொஞ்சகாலம் வளராமல் நின்றது. அவ்வளவுதான். கட்டியைச் சுற்றியிருக்கிற கெட்டியான நார்த்திசு வேறு செல்களை உள்ளே விடுவதில்லை. உள்ளே போனவையும் களைத்துப்போகின்றன.

கட்டியில் மட்டுமே இருக்கிற அடையாளமும் உண்டு: கேராஸ் மரபணுவில் ஒரே ஓர் எழுத்துப் பிழை. அதைத் தேடும் செல்களை போர்ட்லாண்டில் ஒரு மூதாட்டிக்கு ஒருமுறை ஏற்றினார்கள். ஆறு மாதத்தில் கட்டிகள் 72 சதம் சுருங்கின என்று 2022இல் எழுதினார்கள். ஆனால் குறிப்பிட்ட திசு வகை பொருந்தியவருக்கே அந்தச் செல் வேலை செய்யும்.

ஆக, கணையத்தைப் பொறுத்தவரை இது இன்னமும் சோதனைதான். முதல் கட்டச் சோதனை கேட்கிற கேள்வி 'எவ்வளவு கொடுத்தால் உடம்பு தாங்கும்?' என்பது. 'இவர் பிழைப்பாரா?' என்பது குடும்பத்தின் கேள்வி. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடும்போது இரண்டாவது கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறோம்.

2019 விதிகளின்படி நோயாளிக்குப் புரிகிற மொழியில் விளக்க வேண்டும். சோதனையால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் தரவேண்டும். ஆராய்ச்சிக்கான செலவைப் பங்கேற்பவர் தலையில் கட்டக் கூடாது என்கிறது 2017இன் ஐசிஎம்ஆர் நெறிமுறை. அதனால் நண்பரிடம் சொன்னேன்: "வயலை விக்கச் சொன்னா அது சோதனையே இல்லை, வியாபாரம். சோதனைன்னு யாராவது கூப்பிட்டா, இந்தியப் பதிவேட்டுல அதோட எண் என்னன்னு முதல்ல கேளுங்க."

இன்றைக்கே செய்யக்கூடியவையும் இருக்கின்றன: மஞ்சள்காமாலைக்குப் பித்தக்குழாயில் ஸ்டென்ட், வலிக்கு மார்ஃபின், அதுவும் போதாவிட்டால் நரம்பு முடிச்சில் ஊசி. இவற்றுக்கு யாரும் 'சோதனை' என்று பெயர் வைப்பதில்லை. அண்ணன் ராத்திரி தூங்குவதற்கு இவை போதும். இதற்காக வயலை விற்கவும் வேண்டாம்.