கைதானவரின் காவலும் ஜாமீனும்: அங்கத்தினர் அறிய வேண்டுவன

தறியில் அமர்ந்திருந்தவரையோ வயலில் நின்றிருந்தவரையோ போலீஸார் அழைத்துச் சென்றனர் எனக் கேட்டதும் வீட்டார் திகைத்துப் போகின்றனர். எவரைக் காண்பது என அறியாமல் தரகர்களிடம் பணத்தை இழப்போரும் உண்டு. ஆகவே இது பற்றிய சட்டத்தின் வரம்புகளை ஈண்டு சுருங்க விளக்குவோம்.

கைதான 24 மணி நேரத்திற்குள் ஒருவரை மாஜிஸ்டிரேட்டின் முன் நிறுத்தியாக வேண்டும். பிரயாண நேரம் மட்டுமே இதில் கழிக்கப்படும். விடுமுறை நாள் கழிக்கப்படுவதில்லை. அரசியல் சட்டத்தின் 22-ஆவது ஷரத்தும், 2024 ஜூலை 1 முதல் அமலிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 58-ஆவது பிரிவும் கூறுவது இதுவே. தடுப்புக் காவல் சட்டங்களுக்கு மட்டும் விதி வேறு.

கைதுக்கான காரணத்தையும், குற்றம் ஜாமீனில் விடக்கூடியதாயின் அவ்வுரிமையையும் போலீஸார் எடுத்துரைக்க வேண்டும். உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் தர வேண்டும். காவலில் உள்ளவருக்கு வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞர் உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், அல்லது 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

ஜாமீனில் விடக்கூடிய குற்றமெனில் ஜாமீன் சலுகையன்று, உரிமை. ஒரு வாரத்திற்குள் ஜாமீன்தார் கிடைக்காதவரை வறியவராகக் கருதிச் சொந்தப் பத்திரத்தின் பேரிலேயே விடுவிக்க வேண்டும். 1978-இல் மத்தியப் பிரதேசக் கொத்தனார் ஒருவரிடம் 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்கப்பட்டது. அவர் சகோதரரின் சொத்து வேறு ஜில்லாவில் இருந்தமையால் அவரது பிணையும் மறுக்கப்பட்டது. நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் இதனைக் கண்டித்து, 1,000 ரூபாய்க்குச் சொந்தப் பத்திரத்தின் பேரில் விடுவிக்க உத்தரவிட்டார்.

விசாரணை நீளினும் காவலுக்கு எல்லையுண்டு. மரணம், ஆயுள், அல்லது பத்தாண்டும் அதற்கு மேலும் சிறை விதிக்கத்தக்க குற்றங்களுக்கு 90 நாள். ஏனையவற்றுக்கு 60 நாள். அதற்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிடில் ஜாமீன் பெறும் உரிமை பிறக்கிறது. ஆயின் தானாக விடுதலை கிட்டாது. பத்திரிகை தாக்கலாகுமுன் மனுச் செய்ய வேண்டும். நாளை எண்ணாது விட்டவர் அவ்வுரிமையை இழப்பார்.

ஜாமீன் நிற்போர்க்கும் ஒரு சொல். சங்கக் கடனுக்குப் பிணை நிற்பதன் பொறுப்பு நமக்குத் தெரியாததன்று. இதுவும் அத்தகையதே: கைதானவர் கோர்ட்டுக்கு வராது தலைமறைவானால் பத்திரத்தில் கண்ட தொகையை ஜாமீன்தார் கட்ட நேரிடும். ஆளை அறிந்து, தொகையைப் படித்துணர்ந்த பின்னரே கையொப்பமிடுக.

துன்பமுற்ற அங்கத்தினரின் குடும்பத்துக்கு அனுதாபம் கூறுவதோடு நில்லாமல், கைதான நேரத்தைக் குறித்து வைக்கவும், வழக்கறிஞரை நாடவும் துணை நிற்றல் கூட்டுறவாளர் கடமையாகும்.