அருட்தந்தை அடித்துவிட்ட வரி

1931 மே மாதம் ‘நேச்சர்’ அறிவியல் இதழில் ஒரு சிறு கடிதம் வெளியானது. பிரபஞ்சம் முழுவதும் ஆதியில் ஒற்றை அணுவைப் போல ஒடுங்கிக் கிடந்தது, அது சிதறியதில்தான் இத்தனையும் உண்டாயின என்றது அந்தக் கடிதம். பெருவெடிப்புக் கொள்கைக்கு விதை அதுதான். எழுதியவர் ஜார்ஜ் லெமெத்ர்; பெல்ஜியத்தின் லூவேன் பல்கலைக்கழகப் பேராசிரியர், கத்தோலிக்க குரு.

கடிதத்தின் தட்டச்சுப் பிரதி லூவேன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அதன் முடிவில் அச்சுக்கு வராத ஒரு வாக்கியம் உண்டு. கடவுளை நம்புகிறவர், கடவுள் மறைந்திருப்பவர் என்றும் நம்புகிறார். படைப்பை மறைக்கும் திரை ஒன்றை இன்றைய இயற்பியல் தருவதில் அவர் மகிழலாம் என்பது அதன் கருத்து. அதை லெமெத்ர் தம் கையாலேயே அடித்துவிட்டார். விசுவாசமும் அறிவியலும் மனத்துக்குள் மோதித் தவிக்கும் ஒவ்வொரு கிறிஸ்தவரும் அந்தக் கோட்டின் பொருளை அறிய வேண்டும்.

பீரங்கிப் படையிலிருந்து பலிபீடத்துக்கு

1894-ல் ஷார்லெருவா நகரில் பிறந்தவர் லெமெத்ர். பொறியியல் படிப்பின் நடுவே முதல் உலகப் போர் மூண்டது. பீரங்கிப் படையில் பணியாற்றி வீரப் பதக்கம் பெற்றார். திரும்பி வந்து 1920-ல் முனைவர் பட்டம், 1923-ல் குருப்பட்டம். பிறகு கேம்பிரிட்ஜில் வானியலாளர் எடிங்டனிடமும், ஹார்வர்டு வானாய்வகத்தில் ஷாப்லியிடமும் பயின்றார்.

பிரபஞ்சம் விரிகிறது என்பதை 1927-ல் ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளைக் கொண்டே காட்டினார். தொலைவு கூடக் கூட விண்மீன் மண்டலங்கள் விலகும் வேகமும் கூடும் என்று கணக்கிட்டார். வானியலாளர் ஹப்பிள் இதையே உறுதிப்படுத்தியது 1929-ல். ஆனால் லெமெத்ரின் கட்டுரை பெல்ஜிய இதழொன்றில் பிரெஞ்சு மொழியில் வந்ததால் பலர் கண்ணில் படவில்லை. பிரசல்ஸில் அவரைச் சந்தித்த ஐன்ஸ்டைனோ, கணக்கு சரி, இயற்பியல்தான் சகிக்கவில்லை என்று ஒதுக்கினார்.

திருத்தந்தைக்கும் ஒரு வேண்டுகோள்

1951 நவம்பர் 22 அன்று திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ், வத்திக்கானின் அறிவியல் கழகத்தில் உரையாற்றினார். ஒளி உண்டாகுக என்று கடவுள் சொன்ன அந்த ஆதிக் கணத்துக்கே நவீன அறிவியல் சாட்சி சொல்வதாக மகிழ்ந்தார். வேறொருவராக இருந்தால் பூரித்துப் போயிருப்பார். லெமெத்ர் கவலைப்பட்டார். வத்திக்கான் வானாய்வக இயக்குநர் டேனியல் ஓ’கானலுடன் கலந்து பேசினார். அடுத்த ஆண்டு ரோமில் கூடிய உலக வானியலாளர்களிடம் பேசியபோது திருத்தந்தை அந்த ஒப்புமையை மறுபடி எடுக்கவில்லை.

லெமெத்ரின் கவலை நியாயமானது. அப்போது பெருவெடிப்பு ஒரு கருதுகோள்தான். எதிரே, பிரபஞ்சத்துக்குத் தொடக்கமே இல்லை என்னும் பிரெட் ஹாயில் முதலியோரின் நிலைப் பிரபஞ்சக் கொள்கை வலுவாக நின்றது. கருதுகோளில் விசுவாசத்தைக் கட்டினால், அது விழும் நாளில் விசுவாசமும் சேர்ந்து விழும். அதைவிட ஆழமான காரணம் ஒன்றும் உண்டு. உலகுக்குத் தொடக்கம் உண்டென்பதைத் தர்க்கத்தால் நிறுவ முடியாது, அது விசுவாசத்தால் ஏற்பது என்று புனித தாமஸ் அக்குவினாஸ் 13-ஆம் நூற்றாண்டிலேயே சொல்லிவிட்டார். அவர் பார்வையில், படைப்பு என்பது என்றோ நடந்து முடிந்த நிகழ்ச்சி மட்டுமல்ல. உலகம் ஒவ்வொரு கணமும் கடவுளைச் சார்ந்து நிற்பதும்தான்.

நம் ஆலயங்களிலும் இரண்டு குரல்கள் கேட்கின்றன. பெருவெடிப்பு நாத்திகம் என்கிறது ஒன்று. விவிலியம் அதை முன்பே சொல்லிவிட்டது என்கிறது மற்றொன்று. இரண்டும் செய்யும் தவறு ஒன்றே: தொடக்க நூலை இயற்பியல் தேர்வெழுத உட்கார வைக்கின்றன. உலகம் யாருடையது, நாம் யாருக்குக் கடமைப்பட்டவர்கள் என்று சொல்ல வந்த நூல் அது. பிரபஞ்சத்தின் வயது சுமார் 1,380 கோடி ஆண்டுகள் என்று சொல்ல வேண்டியது தொலைநோக்கியின் வேலை.

பெருவெடிப்பின் மிச்ச வெப்பமான நுண்ணலைக் கதிர்வீச்சைப் பென்சியாஸும் வில்சனும் கண்டறிந்த செய்தி, 1966 ஜூனில் மருத்துவமனையில் கிடந்த லெமெத்ரை எட்டியது. சில நாட்களில், ஜூன் 20 அன்று, அவர் காலமானார். அவருடைய குருத்துவம் அந்தச் செய்திக்காகக் காத்திருக்கவில்லை.

பெற்றோரே, மறைக்கல்வி ஆசிரியர்களே, நம் பிள்ளைகள் தொடக்க நூலையும் படிக்கட்டும், வானியலையும் படிக்கட்டும். ஒன்றை மற்றொன்றுக்குச் சாட்சிக் கூண்டில் ஏற்றாதீர்கள்.