பொங்கலுக்கு வெள்ளையடித்த காலம்

மார்கழி பாதி கழிந்ததும் தெருவில் சுண்ணாம்பு வாசம் எழும். ஐப்பசி, கார்த்திகை மழை சுவரை நனைத்துப் பாசி பிடிக்க வைத்துவிட்டுப் போயிருக்கும். தை பிறப்பதற்குள் வீடு வெளுத்தாக வேண்டும். பண்டிகை மட்டுமே இதற்குக் காரணம் இல்லை. சுண்ணாம்புப் பூச்சு ஈரம் காத்து மெதுவாகக் காய வேண்டும். சித்திரை வெயிலில் அடித்தால் சட்டென்று உலர்ந்து, தொட்ட கையில் மாவாக ஒட்டும். மார்கழிப் பனியும் இளவெயிலும் அதற்கு வாய்த்த பருவம்.

கடலோர ஊர்களில் கிளிஞ்சலும் உள்நாட்டு ஊர்களில் சுண்ணாம்புக்கல்லும் காளவாயில் சுமார் 900 டிகிரி சூட்டில் வெந்து வரும். அதைத் தகர டிரம்மில் கொட்டித் தண்ணீர் ஊற்றினால், அடியில் நெருப்பே இல்லாமல் தளதளவென்று கொதிக்கும். பிள்ளைகளை நாலடி தள்ளி நிறுத்துவார்கள். கண்ணில் ஒரு சொட்டு தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. இரண்டு மூன்று நாள் நீற விட்டு, சாக்கில் வடிகட்டி, வடித்த கஞ்சியும் ஒரு கை உப்பும் கலப்பார்கள். துணியில் முடிந்த நீலத்தை உள்ளே விட்டு அலசுவார்கள். கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு, நுனி நசுக்கிய மட்டையோடு ஏணியில் ஏறுவார்கள். முதல் பூச்சு மேலிருந்து கீழ், அது காய்ந்தபின் அடுத்தது குறுக்கே. அடித்த கையோடு பார்த்தால் அழுக்குத் தண்ணீர் பூசியதுபோல் இருக்கும். உச்சிப்பொழுது தாண்டும்போது சுவர் மெல்ல மெல்ல வெளுத்துக்கொண்டு வரும்.

சூளையில் வேகும்போது கல்லைவிட்டுப் போன கரியமில வாயுவை, பூசிய சுண்ணாம்பு காற்றிலிருந்து திரும்ப இழுத்துக்கொண்டு மறுபடி கல்லாகிறது. அதன் காரம் பூஞ்சையையும் பூச்சியையும் அண்ட விடாது. சுவரடியில் ஓடிய காவிப் பட்டையிலும் கணக்கு இருந்தது. மழைநீர் தெறித்துச் செம்மண் படியும் உயரம் அதுதான், கறை தெரியாது.

ஆனால் வெள்ளையடிப்பதில் வெள்ளை கடைசி வேலை. அதற்கு முன்னால் பானை, பத்தாயம், பெட்டி, பாய் எல்லாம் வாசலுக்கு வந்தாக வேண்டும். அப்போதுதான் பத்தாயத்தின் பின்னால் கரையான் ஏறியிருப்பது தெரியும். மூலையில் எலி வளை தெரியும். உத்தரம் சுவரில் புகும் இடத்தில் ஓடிய விரிசல் தெரியும். விரிசலைக் களிமண்ணோ காரையோ வைத்து அடைத்த பிறகே மட்டை சுவரைத் தொடும். வருடம் தவறாமல் நடந்த வீட்டுச் சோதனை அது. பண்டிகையின் பெயரால் நடந்ததால் யாரும் தள்ளிப்போட முடியவில்லை. வீட்டின் ஆயுளைக் கூட்டியதில் சுண்ணாம்புக்கு இருந்த பங்கு இந்தச் சோதனைக்கும் உண்டு என்பேன்.

பெயின்ட் அப்போதும் இருந்தது. ஆர். கே. லட்சுமண் 1954-இல் ஏசியன் பெயின்ட்ஸுக்கு வரைந்து கொடுத்த தூரிகைப் பையன் படம் போட்ட டப்பா வீட்டுக்கு வந்தால், அது கதவுக்கும் ஜன்னலுக்கும்தான். பிறகு சிமென்ட் பெயின்ட் வெளிச்சுவருக்கு வந்தது. உள்ளே டிஸ்டெம்பர் வந்தது. இப்போது பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, எமல்ஷன். கடைக்காரர் வண்ண அட்டையைக் காட்டுகிறார், இயந்திரம் கேட்ட நிறத்தை நிமிடத்தில் கலந்து கொடுக்கிறது. பக்கத்து டவுன் ஹார்டுவேர் கடையில் போன மார்கழியில், “அண்ணே, சுண்ணாம்பு இருக்கா?” என்று கேட்டேன். “பாக்கெட் இருக்கு தம்பி. தென்னை மரத்துக்கு அடிக்கத்தானே?” என்றார்.

இந்த மாற்றத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சாணம் கரைத்துத் தரை மெழுகியதும், பரண் பாத்திரமெல்லாம் இறக்கிப் புளி போட்டுத் தேய்த்ததும், பொங்கலன்று விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டியதும் பெரும்பாலும் பெண்கள். அந்த இடுப்பு வலி குறைந்திருக்கிறது என்றால் அது நல்லதுதான். பெயின்டும் முன்பைவிடப் பாதுகாப்பானது: வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற மத்திய அரசின் 2016-ஆம் ஆண்டு விதி 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. பிள்ளைகள் சுவரைத் தொட்ட கையை வாயில் வைக்கும் வீடுகளுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

என் கவலை பழைய வீடுகளைப் பற்றியது. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமாக எழுப்பிய சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், காற்றில் வெளியே விடும். சுண்ணாம்புப் பூச்சு அதற்கு வழி விட்டது. அதன் மேல் சிமென்ட் பூசிப் பட்டி வைத்து பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் ஈரம் உள்ளேயே தங்கிவிடுகிறது. ஓரிரு மழைக்காலத்தில் பெயின்ட் கொப்புளித்து, உப்புப் பூத்து, பாளம் பாளமாகப் பெயர்கிறது. “பழைய வீடு, அப்படித்தான் இருக்கும்” என்று சுவர்மேல் பழி போடுகிறோம். செட்டிநாட்டில் கடுக்காயும் வெல்லமும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த சுண்ணாம்புச் சுவர்கள் நூறு ஆண்டு தாண்டியும் பளபளக்கின்றன. சுவர்மேல் குற்றமில்லை.

போகியும் மாறிவிட்டது. அன்று வட மாவட்டங்களில் தீயில் போட்டது கோரைப்பாயும் தேய்ந்த துடைப்பமும் ஓலையும். எல்லாம் மண்ணில் விளைந்தவை. தெற்கிலும் கொங்கிலும் எரிப்பதைவிடக் கூரையில் பூளைப்பூவும் வேப்பிலையும் ஆவாரம்பூவும் செருகும் காப்புக்கட்டுதான் பெரிது. இன்று சென்னையில் டயரும் பிளாஸ்டிக்கும் எரிகின்றன. 2018 போகியன்று புகைமூட்டத்தில் ஓடுபாதை தெரியாமல், சென்னைக்கு வந்த விமானங்களை வேறு ஊர்களுக்குத் திருப்பிவிட வேண்டியதாயிற்று. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆண்டுதோறும் வேண்டுகோள் விடுக்கிறது. வீட்டைச் சுத்தம் செய்கிறோம் என்று சொல்லி, மூச்சுத்திணறல் உள்ள பக்கத்து வீட்டுப் பிள்ளையின் நெஞ்சில் புகையைப் போடுவது எந்த வகையில் பண்டிகை?

எமல்ஷன் அடித்த வீடுகளில் இனி ஐந்தாறு வருடத்துக்கு ஒருமுறைதான் பெயின்டர் வருவார். பீரோவும் கட்டிலும் அதுவரை நகராது. ஆகவே வீடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெயின்ட் அடிக்காவிட்டாலும் இந்த மார்கழியில் பீரோவைச் சுவரைவிட்டு நகர்த்தி, டார்ச் அடித்துப் பின்னால் பாருங்கள். தாத்தா கட்டிய வீடாக இருந்தால், பட்டி வாங்கும் முன் மறைவான ஒரு மூலையில் காரையைக் காசால் சுரண்டிப் பாருங்கள். வெளுப்பாக எளிதில் உதிர்ந்தால் அது சுண்ணாம்புக் காரையாக இருக்கலாம். அந்த வேலை தெரிந்த மேஸ்திரி ஒருவரிடம் காட்டுங்கள். சுண்ணாம்புச் சுவர் என்று அவர் சொன்னால், அதற்குச் சுண்ணாம்பே அடியுங்கள்.